படி இல்லாத வீடு

வீட்டு மோகத்தில் பெண்டாட்டியைக் கைவிட்டவர் என்று லிப்ட்காரரைச் சொல்கிறார்களே, அவர்களில் ஒருவராவது அந்த வாசலில் நின்று பார்த்ததுண்டா? கிடையாது. எதிர்வீட்டுக்காரி சொன்னாள், அவளுக்குப் பால்காரர் சொன்னார், அவ்வளவுதான். நடந்தது வேறு.

முப்பத்தொரு வருடம் அவர் ஒரு பெரிய ஆபீஸில் லிப்ட் ஓட்டினார். ஜன்னலில்லாத பெட்டிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஊரையே ஏற்றி இறக்கினார். குடியிருந்ததோ லிப்ட் இல்லாத நாலாவது மாடி. தண்ணீர்க் குடத்தோடு அந்தப் படிகளை ஏறி ஏறி அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின.

“ஊரையே தூக்குறீங்க, என்னைத் தூக்கத்தான் ஆளில்ல” என்று சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு அது முள்ளாகத் தைக்கும்.

அதனால்தான் வேலையை விட்டதும் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கினார். வீட்டில் ஒரு படிகூட இருக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் கறாராகச் சொன்னார்.

“அண்ணே, பேஸ்மட்டம் ரெண்டடியாவது தூக்கணும். அப்ப மூணு படி வந்துதான் தீரும்.”

“தூக்காத. தெருவும் வீடும் ஒரே மட்டமா இருக்கட்டும்.”

“மழை பேஞ்சா?”

“மழைக்கா வீடு கட்டுறேன்?”

“அப்ப பேசாம ஒரு லிப்ட் வெச்சிருங்க. நீங்களே ஓட்டலாம்.”

சித்தாள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரற்கடை பிசகாமல் லிப்டைத் தளத்தோடு நிறுத்துவதில் பேர் வாங்கிய மனிதர். ஏறாமல் இறங்காமல் கால் வைக்கிற இடம்தான் அவருக்கு மட்டம்.

மணல் வந்தால் சிமெண்ட் வராது, சிமெண்ட் வந்தால் ஆள் வராது. தச்சர் குளியலறைக் கதவை வாசலில் மாட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். எப்படியோ வீடு எழும்பியது. மனைவி கைத்தடியைத் தெருவிலேயே சாத்திவிட்டு உள்ளே வந்தாள். கொல்லைவரை போய்த் திரும்பினாள். மறுபடியும் போனாள்.

“எங்கயுமே கால் தட்டலைங்க” என்றாள்.

பத்தொன்பது நாள் அப்படி நடந்தாள். இருபதாம் நாள் காலையில் மழை கொட்டியது. கதவைத் தட்டாமலே தண்ணீர் உள்ளே வந்தது. செருப்புகள் சமையலறைக்கு மிதந்து போயின. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவற்றை எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

மகள் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வண்டியில் படுத்திருந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அழாதீங்க. தண்ணி வராமப் பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்” என்றாள். அவர் அங்கேயே தங்கியது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

உள்ளே மண் கொட்டித் தரையை இரண்டடி உயர்த்தினார். கூரை தலைக்கு இறங்கிவிட்டது, ஜன்னல்கள் முழங்காலுக்கு வந்துவிட்டன.

“விருந்தாளிங்க இனி தவழ்ந்துதான் வேடிக்கை பாக்கணும்ண்ணே” என்றார் மேஸ்திரி.

“பாக்கட்டும். நீ சரிவைப் பூசு.”

சக்கர நாற்காலி ஏறுவதற்குத் தெருவிலிருந்து ஒரு நீளச் சரிவு. எத்தனை பூசியும் அவருக்குத் திருப்தியில்லை. இரண்டு தடவை இடித்துவிட்டுத் திரும்பப் பூசச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீட்டுக்குப் போவார்.

“இன்னும் எவ்வளவுங்க இருக்கு?” என்று மனைவி படுக்கையிலிருந்து கேட்பாள்.

“ஒரு சாண்தாம்மா.”

ஏழு மாதம் அந்த ஒரு சாண்.

சரிவு முடிந்த மறுநாள் காலை, அவர் கூப்பிடுவதற்கு முன்பே மகள் போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, அம்மாவால இனிமே எழுந்து உக்காரவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்ப்பா.”

“நாற்காலி ஏறுற மாதிரி பண்ணிட்டேனேம்மா…”

“அம்மா வீட்டைப் பத்திக் கேக்குறதே இல்லப்பா. நீங்க எங்கன்னுதான் கேக்குறாங்க.”

ஏழு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தடுத்துச் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார், அது வேறு. இரண்டு சட்டையையும் அவளுடைய தலையணையையும் பையில் திணித்தார்.

“சரிவு காயலைண்ணே, சாயங்காலமாப் போலாமே” என்றார் மேஸ்திரி.

“சாவி ஆணியில இருக்கு.”

“எப்ப வருவீங்க?”

பதினொரு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. தலையைக் குனிந்து வாசலைத் தாண்டி, காயாத சரிவிலேயே இறங்கி நடந்தார்.