தம்பியின் பாதி

அப்பாவும் அம்மாவும் போன பிறகு சொத்தைப் பிரித்தபோது எனக்கும் தம்பிக்கும் இடையே ஒரு வார்த்தை தடிக்கவில்லை. குன்னூர் வீடு எனக்கு, கோயம்புத்தூரில் இருந்த இடம் அவனுக்கு. பீரோ, தையல் மெஷின், வெள்ளி டம்ளர் எல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. ஒரு வீடியோ கேம் கேசட் மட்டும் பிரியாமல் பொதுவில் நின்றது.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் எஸ்டேட் மேனேஜர் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போனார். வீட்டுச் சாமான்களை விற்றார். ஃபேக்டரி ஆபீசில் இருந்த அப்பா கட்டில் வாங்கப் போய், டிவி கேம் பெட்டியோடு வந்து நின்றார். அம்மா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. பெட்டியோடு வந்த ஒரே கேசட் இது. அட்டை டப்பா, விளக்கப் புத்தகம் எல்லாம் உண்டு. இரண்டு பேர் ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். முன்னால் போகிறவன் அவசரப்பட்டால் பின்னால் வருகிறவன் விழுவான். தனியாக ஆட முடியாது.

அதனால் சொத்துப் பிரித்தபோது இதற்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டர் வரை கேசட் என்னிடம், ஈஸ்டரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை அவனிடம். கணக்குப் பார்த்தால் அவனுக்குத்தான் அதிக மாதம். மழைக்காலம் முழுக்கக் கீழே கோயம்புத்தூரில் அவன் வீட்டில் இருந்தால் பூஞ்சை பிடிக்காது என்று நானே ஒப்புக்கொண்டேன். கொடுக்கிற நாளிலும் வாங்குகிற நாளிலும், கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு ரிமோட்டோடு உட்காருவோம். அவன் பொறுமையில்லாதவன், எப்போதும் முன்னால்தான் போவான். நான் விழுவேன், திட்டுவேன். தனியாக இருக்கிறவளுக்கு அந்த இரண்டு நாள்தான் வருஷம். கேசட் ஒரு சாக்கு என்பது எனக்குத் தெரியும். அந்தச் சாக்கு போய்விட்டால் அவன் மலையேறி வர வேறு என்ன இருக்கிறது என்ற பயமும் எனக்கு எப்போதும் உண்டு.

அவன் வராத மாதங்களுக்காகத்தான் மற்ற கேசட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். பழைய சாமான் கடைகளில் சாக்கில் கிடந்தவை. மர அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு ஈரம் ஏறாமல் காப்பாற்றினேன். என்னைப்போல ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் என்று ஏழெட்டுக் கிறுக்குகள் இருந்தார்கள். போனில் ஒரு குழு வைத்திருந்தோம். யாராவது ஒன்று கேட்டால், காகிதத்தில் சுற்றி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். இரண்டு வாரத்தில் அதே பஸ்ஸில் திரும்பி வரும். சில நேரம் கூடவே கொஞ்சம் வர்க்கி பிஸ்கட்டும் வரும்.

பிறகு விலை பேச்சு வந்தது. வெளிநாட்டில் எவனோ ஒரு கேசட்டை ஒரு கார் விலைக்கு வாங்கினான் என்று ஒருவர் குழுவில் போட்டார். அதிலிருந்து யாரும் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சீல் வைத்து, தரத்துக்கு மார்க் போட்ட கேசட்டுகளின் படங்கள் வந்தன. பழைய சாமான் கடைக்காரர்கூட முதலில் போனைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் தேயிலை ஏலத் தரகர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். இரண்டு பேர் வீம்புக்கு நின்றால் சுமாரான தூளுக்கும் விலை எகிறுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தத் தூளைக் கடைசியில் யாரோ கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். இதை யாரும் ஆடப்போவதில்லை என்று நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருட ஈஸ்டருக்கு வந்த தம்பி ரிமோட்டைத் தொடவில்லை. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, அட்டை டப்பாவோட இருக்கறது ரொம்பக் கம்மியாமா. கோயமுத்தூர்ல ஒருத்தர் கேக்கறாரு. இல்லீன்னா சீல் பண்ணி வெச்சா ரெண்டு வருசத்துல டபுள் ஆயிரும்."

அவன் ஃபிளாட்டுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் கண்ணை மறைத்தது. உனக்கு இதுவும் வியாபாரமாகிவிட்டதா என்று ஆரம்பித்து, அப்பாவையெல்லாம் இழுத்துப் பேசினேன். கடைசியில் சொன்னேன்.

"அப்ப உன்ற பாதிய எனக்கே குடுத்துரு. அந்தாளு சொல்ற ரேட்டையே நான் தர்றேன்."

அவன் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னான். நான் விடவில்லை. ஆபீசில் லோன் போட்டு, நான்கு மாதச் சம்பளத்தை ஒரு கேசட்டின் பாதிக்குக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவன் வந்தான். நான் பயந்தபடி நடக்கவில்லை. கேசட்டில் பங்கு இல்லாமலும் பிளம் கேக்கோடு வந்தான். சாப்பிட்டு முடித்ததும், பழைய வழக்கப்படி டிவிக்கு முன்னால் பாயை விரித்தான்.

"ஒரு ஆட்டம் போடலாமாக்கா?"

கேசட் அலமாரியில், நான் வரவழைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. லோன் பிடித்தம் போன மாதச் சம்பளத்திலும் போயிருந்தது. யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"வேண்டாண்டா. சொருகி எடுத்தா தேஞ்சுரும். அப்புறம் வெல போயிரும்."

அவன் என்னையே பார்த்தான். சிரிப்பான், குத்திக்காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஈஸ்டரில் நான் பேசிய பேச்சுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "அதுஞ் சரிதான்" என்று மட்டும் சொன்னான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். பனி இறங்குவதற்கு முன் மலை இறங்கிவிட வேண்டும் என்று மூன்று மணிக்கே கிளம்பினான். கேசட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கலாம். வாசலில் நின்று கையை ஆட்டினேன்.

இந்த ஈஸ்டருக்கு அவன் வரவில்லை. வேலை என்று போனில் சொன்னான். நான் கோயிலுக்குப் போய் வந்து, ஒரு ஆளுக்குச் சமைத்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் குழுவைத் திறந்தால், இதே கேசட் அன்றைக்கு அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சொன்ன ரேட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகப் போயிருப்பதாக ஒருவர் போட்டிருந்தார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தம்பியின் நம்பர் வரைக்கும் போய்விட்டு, போனை வைத்துவிட்டேன்.