கடைசிப் படத்தின் இடது ஓரம்

நிர்மலாதேவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கேமராவின் லென்ஸ் மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடியும் கழற்றுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நியாலாஸ் கிராமத்தில் அந்த மூடி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நிர்மலா மலாக்கா மாநிலத்துப் பெம்பான் ஊர்க்காரி. மலாக்கா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் பிடித்தே இளமையில் பாதியைத் தீர்த்தவள். ஊரே வந்து நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவளை முறைத்துவிட்டுப் போகும். வெளியே, மரத்தடியில், சாயங்கால வெளிச்சத்தில் மனிதர்களைப் பிடிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, "அதெல்லாம் ஆம்பள வேலமா, நீ காடு மேடெல்லாம் அலைவியா" என்று முதலாளி சிரித்தார். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை வந்த முதலாளி, "உன் நாக்காலி இங்கயேதான் இருக்கும், நீயே திரும்பி வருவ" என்றார். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அதன் பிறகு யாராவது வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இப்படிச் செய்தி கொண்டுவரவென்றே ஊரில் நாலு பேர் பிறந்திருப்பார்கள் போலும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவளைத் தேடி வந்த முதல் பெரிய ஆள் தம்புசாமி. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் கூலியாக இருந்து, இப்போது சொந்த லோரி ஓட்டுகிறவர். மகள் கலைமகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூட வேலை செய்யும் சீனப் பெண்களைப் போல வெளியில் நின்று படம் எடுத்து, பெரிதாக்கி மண்டப வாசலில் வைக்க வேண்டும் என்பது கலைமகளின் ஆசை. மாப்பிள்ளையோடு நிற்க இன்னும் தாலி ஏறவில்லை. ஆகவே பெண்ணை மட்டும் எடுப்பதென்று முடிவானது.

"படம் நல்லா வந்தா கல்யாணத்தையும் உங்ககிட்டயே குடுத்துடறேன் தங்கச்சி. வரலன்னா டவுன் ஸ்டூடியோதான், கோவிச்சிக்காதீங்க" என்று தம்புசாமி நேராகவே சொல்லிவிட்டார். எந்த ஸ்டூடியோ என்று நிர்மலாவுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கல்யாணம் கிடைத்தால் அவள் ஒரு போட்டோகிராபர். கிடைக்காவிட்டால் அந்த நாற்காலி.

முதலில் தஞ்சோங் கிளிங் கடற்கரையைத்தான் சொன்னாள். மாநிலத்தின் மறுகோடிக்கு யார் போவது என்று தட்டிவிட்டார்கள். சரியென்று முன்கூட்டியே தம்புசாமியின் ஊரான நியாலாஸ் போய் இடம் பார்த்தாள். அவர் வீட்டுக்குப் பின்னால் கித்தா மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், வரிசையாக மேற்கே பார்த்து நின்றன. ஆறு மணி வாக்கில் வெயில் இலைகளுக்குக் கீழே சாய்ந்து வந்து முகத்தில் மெதுவாக விழுந்தது. நடுப்பகல் வெயில் மனித முகத்துக்குச் செய்யும் அநியாயத்தை அவள் அறிவாள். கண்கள் இரண்டும் குழியாகிவிடும், மூக்கு நிழல் மீசை வரைந்துவிடும். அதனால், "ஞாயித்துக்கிழம அஞ்சரைக்கு ஆரம்பிக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள். அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

தம்புசாமியின் அண்ணன் அப்புசாமி காலண்டரோடு உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கிழம நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். ஆரம்பிக்கக் கூடாது."

"அப்ப ஆறுக்கு ஆரம்பிப்போம் பெரியண்ணே" என்றாள் நிர்மலா. உண்மையில் அவளுக்கு அது இன்னும் நல்லதுதான்.

தம்புசாமியின் தங்கை ராமாத்தாள் உள்ளேயிருந்து வந்தாள். "அது இந்தியா கணக்குண்ணே. நம்ம நாட்டுல சூரியனே ஏழு மணிக்குத்தான் வருது. இங்க ராகு காலம் அஞ்சரைலேருந்து ஏழு வரைக்கும். கோயில் ஐயரே சொல்லியிருக்காரு."

புத்தியுள்ள குடும்பம் என்றால் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். இவர்கள் அரை மணி நேரம் வாதாடி, கல்யாணக் காரியத்தில் எதற்கு வம்பு என்று இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஆக நாலரை முதல் ஏழு வரை படம் தொடங்கக் கூடாது. சூரியன் மறைவதோ ஏழே காலுக்கு. நிர்மலா லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டினாள்.

"தொடங்கறதுதானே தப்பு பெரியண்ணே? நாலு மணிக்கே ஒன்னு எடுத்துட்டா, அப்புறம் எடுக்கறதெல்லாம் நடுவுலதானே?"

அப்புசாமி யோசித்து, அது செல்லும் என்றார். நிர்மலா மூச்சு விடுவதற்குள் ராமாத்தாள் கேட்டாள்: "நடுவுல பிலிம் மாத்துவியா நீ? புது பிலிம் போட்டா புதுசாத் தொடங்குன மாதிரிதானே?"

அண்ணனும் தங்கையும் அன்றைக்கு ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். பையில் ஐந்து ரோல் இருக்க, கேமராவில் கிடந்த ஒற்றை ரோலோடு, முப்பத்தாறே படத்தோடு, நாலு மணி முதல் இருட்டும் வரை அவள் ஓட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

கொளுத்தும் வெயிலில் கலைமகளை நிறுத்தி முதல் படத்தை எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், சொந்தபந்தம் முழுக்கப் பட்டுடுத்தி வெளியே வந்தது. அப்புசாமி லோரியோடு ஒன்று, பெண்ணோடு ஒன்று, பெண்ணும் லோரியும் சேர்த்து ஒன்று என்று நின்றார். படம் தீர்ந்துவிடுமே என்று நிர்மலா பிளாஷை மட்டும் மின்ன விட்டு ஏமாற்றிப் பார்த்தாள். "சத்தம் வரலியே தங்கச்சி" என்றார் அப்புசாமி. கண் மங்கினாலும் காது கூர்மை.

ராமாத்தாள் இன்னொரு பக்கம். பெண் வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று முகத்தில் பவுடரைக் கொட்டினாள். வெயிலில் அது சாம்பல் பூசிய மாதிரி தெரியும் என்று நிர்மலா ஈரத் துணியால் துடைத்தாள். அவள் கேமராவுக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் பவுடர் ஏறியிருக்கும். இடையில் மாட்டிக்கொண்ட கலைமகள், "அத்த, போதும் லா" என்று கெஞ்சினாள். தம்புசாமி மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. லோரியை முன்னுக்கு எடுத்தார், பின்னுக்கு எடுத்தார், நாற்காலி தூக்கினார், நாயை விரட்டினார், எல்லாருக்கும் மைலோ வாங்கி வந்தார்.

ஏழு மணி அடித்ததும் ராகு காலம் விட்டது என்று நிம்மதிப் பெருமூச்சோடு அத்தனை பேரும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்விட்டார்கள். கேமராவில் மூன்று படம் மிச்சம்.

நிர்மலா கலைமகளை முகம் கழுவி வரச் சொல்லி, முதல் மரவரிசைக்குள் நிறுத்தினாள். வெயில் போய், வானத்து வெளிச்சம் மட்டும் பாக்கி இருந்தது. முகத்தின் ஒரு பக்கத்தில் அது அழகாக விழுந்தது, மறுபக்கம் இருண்டது. மீன்பெட்டியிலிருந்து பெயர்த்த வெள்ளைப் பலகை ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். எத்தனை கழுவினாலும் வாடை போகாதது. அதைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும். சுற்றிலும் பார்த்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்புசாமிதான் இருந்தார்.

"இப்படிப் பிடிச்சிக்கிட்டு ஆடாம நில்லுங்கண்ணே."

முதல் படத்தில் பெண் விறைத்தாள். இரண்டாவதில் கண்ணை மூடினாள். ஒன்றே ஒன்று பாக்கி, வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. நிர்மலா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது தம்புசாமி சொன்னார்: "பாப்பா, கை வலிக்குது. மீன் நாத்தம் வேற. சீக்கிரம் சிரி லா."

கலைமகள் அப்பா பக்கம் பார்த்துச் சிரித்தாள். நிர்மலா அமுக்கினாள்.

படம் கழுவும் லேப்பிலும் அவளுக்குச் சண்டைதான். அங்கே இருந்தவன் வழக்கம்போல முகத்தை வெளுத்துத் தள்ளியிருந்தான். கறுப்பாகப் போட்டால் வாடிக்கையாளர் திட்டுவார்கள் என்றான். "அந்தப் பொண்ணு நெறம் என்னவோ அதப் போடு" என்று பக்கத்திலேயே நின்று திரும்பப் போட வைத்தாள். கடைசிப் படம் வெளியே வந்தபோது அவளுக்கே நெஞ்சு குளிர்ந்தது. மாநிறம் மாநிறமாகவே மின்னியது, சிரிப்பு கண்ணிலிருந்து வந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஏதோ ஒரு சட்டையும் பலகையும் துருத்திக்கொண்டிருந்தன. கண்ணை உறுத்தும் எதையும் ஓரத்தில் விடக் கூடாது என்பது அவள் சட்டம். வெட்டிவிட்டுப் பெரிதாகப் போடச் சொன்னாள்.

நியாலாஸ் வீட்டுக் கூடத்தில் படங்கள் கை மாறின. அவரவர் அவரவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெரிய படத்தைப் பார்த்து, "கொஞ்சம் கறுப்பாத் தெரியுது" என்றார் அப்புசாமி. நிர்மலா லென்ஸ் மூடியைத் தேடினாள், கேமராவைக் கொண்டுவரவில்லை. கலைமகள் எல்லாப் படங்களையும் இரண்டாவது முறை பார்த்தாள். பிறகு மூன்றாவது முறை.

"அக்கா, அப்பா எங்க?"

எல்லாரும் தேடினார்கள். எதிர்வீட்டுக்காரர்கூட இரண்டில் இருந்தார். பெண்ணைப் பெற்றவர் ஒன்றிலும் இல்லை.

"நான் அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு இருந்தேன், விடு பாப்பா" என்றார் தம்புசாமி. பெரிய படத்தைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. கல்யாணத்துக்குப் பாத்துச் சொல்றேன்."

பாத்துச் சொல்றேன் என்றால் என்னவென்று நிர்மலாவுக்குத் தெரியும். அவளுக்கு உலகத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. காலண்டர் மேல், பவுடர் மேல், முப்பது படத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் மிச்சரைக் கொறிக்கும் அப்புசாமி மேல். எந்தப் படத்தில்தான் இந்த மனுஷன் நின்றிருக்க முடியும், நிற்க விட்டார்களா என்று பொருமிக்கொண்டே நெகட்டிவ் உறையைப் பையில் போடப் போனவள், கையை நிறுத்தினாள்.

கடைசித் துண்டை உருவி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நெகட்டிவில் வெள்ளைப் பலகை கன்னங்கரேலென்று இருந்தது. அதற்கு மேலே பாதி முகம். சிரிக்கும் பல்லும் கறுப்பு. அவள் வெட்டியெறிந்த சட்டைக்கு மேலே தம்புசாமி இருந்தார். மகள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு வெளிச்சத்தால் வந்தது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள் நிர்மலா. இப்போது ஆத்திரப்படத் தன்னைத் தவிர வேறு ஆள் மிஞ்சவில்லை. துண்டை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அந்த வாரமே மறுபடியும் வந்தாள். ஓரம் வெட்டாமல் போட்ட பெரிய படத்தைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவள் கண்ணுக்கு அது இன்னும் கோணல்தான். இடது பக்கம் கனத்தது, பாதி முகம் வெட்டுப்பட்டு நின்றது, பலகையில் மீன்கடை முத்திரைகூடத் தெரிந்தது. கலைமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுல கறுப்பாத் தெரியல" என்றார். நிறத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்ல நிர்மலா வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

தம்புசாமி படத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் பாதி முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கல்யாணம் வர்ற மாசம், காலைல முகூர்த்தம். நீங்களே வந்துருங்க தங்கச்சி" என்றார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "அந்த மீன் பலகைய மட்டும் எங்க அண்ணன்கிட்ட குடுத்துருங்க. இந்தத் தடவ நான் நடுவுல நிக்கணும்."