அண்டாவின் உட்புறம்

ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் மன்னிப்பைப் பற்றித்தான் பிரசங்கம். பாட்டுக் குழுவில் நின்றபடி நானும் தலையாட்டிக் கேட்கிறேன். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள், மன்னிக்காத ஒருத்தி. அவள் பெயர் ஷீலா. வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்துப் புனேயில் பெயர் வாங்கியவள். அவளைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் எளிமை, அமைதி, அழகு என்று அளக்கிறார்கள். அமைதியாவது ஒன்றாவது! அத்தனை வருஷமும் அவள் மனசுக்குள் ஓர் அண்டா உட்கார்ந்திருந்தது. அது அவர்களுக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

ஷீலாவின் அப்பா சவரிமுத்து, புனேயில் கடக்கிப் பகுதியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அம்மா ஆரோக்கியமேரி, எங்களுக்கெல்லாம் மேரி அக்கா. திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அக்காவுக்குச் சீராக வந்தது ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. அந்தக் காலத்தில் எவர்சில்வர் அண்டா என்றால் சும்மாவா? கடைக்காரர் உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி, விளிம்புக்குக் கீழே பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டிக் கொடுத்திருந்தார். அந்தோணியார் திருவிழாவுக்குத் தமிழ் ஆட்கள் கோயில் வளாகத்தில் சோறு பொங்குவது அந்த அண்டாவில்தான். திருவிழா முடிந்ததும் சின்னப் பெண் ஷீலா அண்டாவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்ப்பாள். தலை மட்டும் வெளியே தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் சவரிமுத்து அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஏரவாடாவில் அம்மாவும் மகளும் பிடித்த வாடகை அறையில் கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. அதனால் பெரிய சாமான்களை அண்ணனின் தம்பி ஆபிரகாம் வீட்டில் வைத்தார்கள். ஆபிரகாம்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர். அவர் மனைவி அந்தோணியம்மாள். வாசலில் நின்று, “என் உசுரு மாதிரி பாத்துக்கிறேங்க்கா” என்று சொல்லி வாங்கி வைத்ததை நான் என் காதால் கேட்டேன்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு அண்டா வந்தது. பளபளவென்று வந்தது. பழைய பெயர் இல்லை. போசரியில் பட்டறை வைத்திருந்த ஒருவனிடம் கொடுத்து, வெளிப்பக்கத்தைச் சக்கரத்தில் வழவழவென்று தேய்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ‘அந்தோணியம்மாள் உபயம்’ என்று புதிதாக வெட்டியிருந்தார்கள்.

“என்னடி இது, என் அண்டால்ல?” என்றாள் மேரி அக்கா.

“ஒங்க அண்டாவா? அத நீங்க எப்பவோ பங்காருக்குப் போட்டுக் காசாக்கிட்டீங்களே, ஊருக்கே தெரியும். இது நான் புதுசா வாங்குனது. புருசன் போன துக்கத்துல பேசுறீங்க, போங்க.”

பங்காருக்குப் போடுவது என்றால் இங்கே பழைய சாமான் வாங்குகிறவனிடம் விற்பது. ஒரு விதவை சொல்வது பெரிதா, கமிட்டித் தலைவர் மனைவி சொல்வது பெரிதா? கமிட்டி கூடியது. அபாண்டமாகப் பழி போட்டதற்காக மேரி அக்கா எல்லார் முன்னாலும் அந்தோணியம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் திருவிழாவில் அவளுக்கு இடமில்லை என்று முடிவு. மாதா கெபிக்கு, அதாவது மாதா சிலை வைத்த குகைக்கு, முன்னால் நின்று அக்கா கை கூப்பினாள். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு ஷீலா. அவள் அழவில்லை. சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அன்றைக்கு எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு மேரி அக்கா தமிழ்ப் பூசைக்கு வரவே இல்லை. ஒரு வார்த்தை புரியாத இங்கிலீஷ் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் எழுந்தால் எழுந்து, முட்டி போட்டால் முட்டி போட்டு வருவாள். பொய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நம் ஆட்கள் முகத்தில் எப்படி முழிப்பாள்?

ஷீலா பன்னிரண்டாவது முடித்ததும் கேம்ப் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தாள். நாள் முழுக்க பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். “முகத்தப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு ஆன்ட்டி. முன்னாடி வந்து உக்காந்ததும் எல்லாம் நல்லவங்க மாதிரி மாறிடுது” என்பாள். ஸ்டூடியோவுக்கு லீவு விடுகிற திங்கட்கிழமைகளில் முதலாளியின் பழைய கேமராவை வாங்கிப் போய் வீட்டுச் சாமான்களை எடுக்க ஆரம்பித்தாள்.

அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாமா படம் எடுப்பார்கள்? புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிய பழைய சோப்புத் துண்டு. பால் பாக்கெட்டிலிருந்து வெட்டிப் போட்ட மூலைகள், ஒரு குவியல். அம்மாவின் தேய்ந்த செருப்பு, ஐந்து விரலும் பதிந்த பள்ளத்தோடு. ஆனால் அந்தச் செருப்பை விட்டு என் கண் நகரவில்லை. ஏரவாடாவிலிருந்து கேம்ப் வரைக்கும் வீட்டு வேலைக்கு நடந்த நடையெல்லாம் அந்தப் பள்ளத்தில் இருந்தது. மேரி அக்காவை உட்காரவைத்து எடுத்திருந்தாலும் அவளை இவ்வளவு பார்த்திருக்க மாட்டேன்.

வித்தை வெளிச்சத்தில் இருந்தது. ஃபிளாஷ் போடவே மாட்டாள். பொருளைத் தரையில் வைத்து, கதவை ஒருக்களித்து, பக்கவாட்டில் தாழ வருகிற வெயிலில்தான் எடுப்பாள். மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுமாம். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் ஒரு சின்ன மேடு பள்ளத்தைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடுமாம். சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு குரூரம் தெரியும். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

விமான் நகரில் ஒரு கண்காட்சிக் கூடம் நடத்திய ஷபானா என்ற பெண் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த இடத்தில் இவற்றைப் பார்த்து, பிரேம் போட்டு மாட்டினாள். பேப்பரில் வந்தது. அவ்வளவுதான், அந்தோணியம்மாளுக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது.

அடுத்த திருவிழாவுக்கு ஷீலா கேமராவோடு வந்து நின்றபோது சித்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள். “ஏன்டி, சோப்பு செருப்பெல்லாம் எடுக்குறியாமே! ஊருக்கே சோறு போடுற நம்ம அண்டாவ எடேன். பேரு நல்லா விழணும். நான் பக்கத்துல நிக்கட்டுமா?”

“ஆள் வேணாம் சித்தி. அண்டா மட்டும் போதும்” என்றாள் ஷீலா.

வெளிப்பக்கம் ஒரு படம் எடுத்தாள். பிறகு கழுவிய அண்டாவைச் சமையல் கொட்டகை வாசலில் படுக்கப்போட்டு, சாயங்கால வெயில் உள்ளே நுழைகிற மாதிரி திருப்பினாள். முட்டி போட்டுத் தலையை உள்ளே விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. “உள்ள என்னடி இருக்கு?” என்று அந்தோணியம்மாள் சிரித்தாள். அவள் ஒரு நாளும் அந்த அண்டாவைத் தேய்த்தவள் இல்லை. கூலிக்கு ஆள் வைத்துத் தேய்ப்பவளுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

அடுத்த கண்காட்சிக்குக் கமிட்டி முழுவதையும் ஷீலா அழைத்தாள். வேன் வைத்து வந்தார்கள். அந்தோணியம்மாள் பட்டுப் புடவையில், புதுப் பெண் மாதிரி. மேரி அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள் ஷீலா. அவளுக்குப் பின்னால் சுவரில் கதவு அளவுக்கு இரண்டு படங்கள். முதல் படத்தில் ‘அந்தோணியம்மாள் உபயம்’, பளிச்சென்று. சித்தி அதன் முன்னால் நின்று தன் மகன் கிறிஸ்டோபரிடம் செல்போனில் படம் எடுக்கச் சொன்னாள்.

இரண்டாவது படம், அண்டாவின் உட்புறம். சாம்பல் நிறத் தகட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல். கிறிஸ்டோபருக்கு ஐ.டி. வேலை, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். பெருமையாக வாய்விட்டே படித்தான்.

“ஆ... ரோக்... கிய... மேரி. அப்புறம் டேட்... அஞ்சு, ரெண்டு, அறுபத்தெட்டு. மம்மி, யே தோ பெரியம்மா கா நாம் ஹை நா? நம்ம அண்டால பெரியம்மா பேரு எப்டி?”



ஷீலா நிதானமாகச் சொன்னாள். “உளியில தட்டுனா உள்பக்கமும் முட்டிக்கிட்டு வரும். எழுத்து திரும்பி இருக்கும், அதான் நெகட்டிவ மாத்திப் போட்டுப் பிரிண்ட் எடுத்தேன். சின்னப் புள்ளையில உள்ள உக்காந்து தேய்க்கும்போதெல்லாம் என் விரல்ல இடறுன எழுத்து இது. அன்னைக்கே சொல்லியிருந்தா, புள்ள பேச்சுன்னு தள்ளிட்டு அதையும் தேய்ச்சிருப்பீங்க. வெளிய அழிச்சீங்க சித்தி. உள்ள அழிக்க மறந்துட்டீங்களே!”

“அது... பழைய பாத்திரக் கடையில...” என்று அந்தோணியம்மாள் இழுத்தாள்.

“புதுசா வாங்குனேன்னுல்ல அன்னைக்குச் சொன்ன?” என்று நான்தான் கேட்டேன். எத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வி! அவ்வளவு சுகமாக நான் எதையும் கேட்டதில்லை. ஆபிரகாம் தரையைப் பார்த்தார். கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவராக மேரி அக்காவின் நாற்காலிக்குப் பக்கம் நகர்ந்தார்கள்.  அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாளே ஆபிரகாம் அண்டாவை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஏரவாடாவுக்குப் போனார். ஓசைப்படாமல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்கு. ஷீலா படியேற விடவில்லை. “எங்கம்மா எங்க கை கூப்புனாங்களோ அங்க கொண்டு வாங்க சித்தப்பா. பூசை முடிஞ்சு எல்லாரும் இருக்கணும்.”

கொண்டு வந்தார்கள். அன்றைக்கு மேரி அக்கா தமிழ்ப் பூசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைவிடச் சத்தமாகப் பாடினாள். மாதா கெபி முன்னால் அந்தோணியம்மாள் கை கூப்பினாள். அக்கா அதை அவசரமில்லாமல், முழுதாகப் பார்த்தாள். “சரி” என்றாள். 

ஆபிரகாம் கிட்டே வந்து, “மதினி, இவ பேர நானே தேய்ச்சு எடுத்துட்டு, ஒங்க பேர வெட்டிக் குடுத்துர்றேன்” என்றார்.

“வேணாம் தம்பி. அவ பேரு அப்டியே இருக்கட்டும்” என்றாள் மேரி அக்கா.

அண்டா இப்போது மேரி அக்கா வீட்டிலிருந்துதான் திருவிழாவுக்கு வருகிறது, அந்தோணியம்மாள் பெயரோடு. அந்தோணியம்மாள் இங்கிலீஷ் பூசைக்குப் போகிறாள். வருஷா வருஷம் மாற்றலாகி வரும் புதுக் குடும்பத்துப் பெண் யாராவது சோறு வாங்கும்போது எழுத்தைப் பார்த்துவிட்டு, “அந்தோணியம்மாளா? அது யாருங்க்கா?” என்று கேட்பாள். மேரி அக்கா உடனே கரண்டியைப் பக்கத்திலிருப்பவள் கையில் கொடுத்துவிட்டு, அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.