ஜனாதிபதி சொன்ன கதை

வெந்தெலின் ஷ்மெர்தாவை லாரி டிப்போவில் எல்லோருக்கும் பிடிக்கும். முன்கோபக்காரன், ஆனால் வஞ்சகம் தெரியாதவன். பிரேக் பிடிக்காத லாரியை மேலிடம் கட்டாயப்படுத்தி எடுக்க வைத்ததில் அவனுடைய கூட்டாளி மலைச்சரிவில் செத்துப்போனான். "குடிச்சிட்டு ஓட்டினான்" என்று எழுதிக் கோப்பை மூடினார் டிப்போவின் ஆளுங்கட்சிச் செயலாளர். வெந்தெலின் ஸ்பானரால் அடித்த அடியில் செயலாளருக்கு ஒரு கண் போயிற்று. வெந்தெலினுக்குப் பத்து வருஷம்.

சிறையில் அவனோடு ஒரே அறையில் போட்டது எழுத்தாளர் ஓதகர் ஹ்லாவின்காவை. அவருடைய நாடகங்கள் தடை செய்யப்பட்டிருந்தன. கை நடுங்கும், நுரையீரல் சீக்கு வேறு. வெல்டிங் பட்டறையில் கொடுத்த வேலையை முடிக்காதவனுக்குப் பாதி ரொட்டிதான். தன் பங்கை முடித்துவிட்டு அவர் பங்கையும் வெந்தெலினே பற்றவைத்துக் கொடுத்தான்.

"வாத்தியாரே, இந்தக் கையால எப்படித்தான் அரசாங்கத்தைக் கவுக்கப் போறீங்க?"

"பேனாவாலடா வென்டா." அவர் அவனை அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்.

"அதையாவது ஒழுங்காப் புடிங்க."

அந்தக் குளிர்காலத்தில் வெந்தெலினின் மனைவி ஸ்லாவ்காவுக்கு வயிற்றில் புற்று முற்றிவிட்டது. சிறை அதிகாரி காப்டன் புரூஸ் அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"உள்ளேயே ஆள் சேர்த்துக் கலவரம் பண்ணப் பாக்குறான் ஓதகர். நீ பாத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு. நாளைக்குக் காலையில பொண்டாட்டி பக்கத்துல இருப்ப."

கையெழுத்து விழுந்தால் ஓதகருக்கு இன்னும் பல வருஷம். அந்த நுரையீரல் அதைத் தாங்காது. வெந்தெலின் பேனாவைத் தொடவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் ஸ்லாவ்கா செத்துப்போனாள். அடக்கத்துக்கும் அவனை விடவில்லை. பார்க்க வந்த மகள் யர்மிலாவிடம், "அனுமதி கேட்டேன், குடுக்கலம்மா" என்று மட்டும் சொன்னான். அவள் கம்பிவலை வழியாக அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஓதகருக்கு மட்டும் நடந்தது தெரியும். அவர் அவன் காலடியில் உட்கார்ந்து, "நான் வெளியே போனா உன்ன இங்க விட்டு வைக்க மாட்டேன்" என்றார்.

இருமலில் ரத்தம் வரவே அவரை வெளியே அனுப்பினார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் சதுக்கங்களில் ஜனம் திரண்டு, நேரமாச்சு கிளம்பு என்று அரசாங்கத்தைப் பார்த்துச் சாவிக்கொத்துகளைக் குலுக்கியது. கட்சி சரிந்தது. வருஷம் முடிவதற்குள் ஓதகர் கோட்டையில் ஜனாதிபதியாக உட்கார்ந்தார். வெந்தெலின் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டான்.

பொதுமன்னிப்பு வந்தது. ரத்தக்காயம் உண்டாக்கியவர்களுக்கு அது இல்லை என்றார்கள்.

"என்னடா, கோட்டையிலேர்ந்து கார் இன்னும் வரலியா?" என்று பட்டறையே சிரித்தது. "ரோட்டுல பனி ஜாஸ்தி போல!"

கார் வசந்தத்தில் வந்தது. கேமராக்களோடு ஜனாதிபதி பழைய சிறையைப் பார்க்க வந்தார். வழிகாட்டி முன்னால் நடந்தவர், தொப்பியில் புதுச் சின்னம் குத்திய அதே புரூஸ். ஓதகர் வெந்தெலினைக் கட்டிப்பிடித்தார். அறையில் தனியாக இருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சிநேகிதனுக்காகச் சட்டத்தை வளைச்சா எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம் வென்டா? நீ புரிஞ்சுக்குவ."

"புரியுது வாத்தியாரே. அப்போ ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஸ்லாவ்கா விஷயத்த யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. யர்மிலாவுக்குத் தெரியாது."

"சத்தியமா."

கோடையில், நாட்டு மக்களுக்கு ஓதகர் தொலைக்காட்சியில் பேசினார். அருமையான பேச்சு. ஒரு சாதாரண லாரி டிரைவர், சாகக் கிடந்த மனைவியைப் பார்க்கும் வாய்ப்பை உதறி ஒரு மனிதனைக் காப்பாற்றிய கதை. பேர் சொல்லவில்லை. அறை நண்பன் என்றார், ஈஸ்டர் என்றார். நாடே அழுதது.

அடுத்த பார்வையாளர் நாளில் யர்மிலா வந்தாள். உட்காரவில்லை.

"அனுமதி குடுக்கலன்னு சொன்னியே."

"யர்மி..."

"ஒரே ஒரு கையெழுத்து. அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கிடந்தா. யாரு நடந்தாலும் நீதான்னு தலையத் தூக்குவா."

"போட்டிருந்தா அவர் செத்திருப்பாரும்மா."

"செத்திருக்கட்டுமே! எனக்கென்ன?" அவள் குரல் உடையவில்லை. "ஊரெல்லாம் உன்னை மகான்ங்குது. எங்களுக்கு நீ வரல. அவ்வளவுதான்."

அவள் போய்விட்டாள். பேச்சைக் கேட்ட ஜனங்களோ, அந்த டிரைவர் யார், இன்னுமா சிறையில் இருக்கிறான் என்று கோட்டைக்குக் கடிதமாகக் குவித்தார்கள். இப்போது சட்டம் வளைந்தது. ஜனாதிபதியின் தனி மன்னிப்பில் வெந்தெலின் வெளியே வந்தான். வாசலில் கோட்டைக் கார் நின்றது.

"எங்க போகணும் சார்?" என்றான் டிரைவர்.

ப்ஷெரோவில் மகள் வீட்டுக்கு என்றான். அங்கே வெந்தெலின் இறங்கி மணியடித்தான். மாடி ஜன்னலில் யர்மிலா தெரிந்தாள். பார்த்தாள். திரையை இழுத்துவிட்டாள். வெந்தெலின் திரும்பக் காருக்கு வரவில்லை. ரயில் நிலையம் பக்கமாக நடந்தான்.

தெற்கே ஒரு சர்க்கரை ஆலையில், கரும்புக்குப் பதில் அங்கே அரைக்கும் பீட்ரூட்டை ஏற்றும் லாரி ஓட்டினான். சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஜனாதிபதி பேச ஆரம்பித்தால், விஷயம் தெரிந்தவர்கள் சத்தத்தைக் கூட்டிவிட்டு அவனைப் பார்ப்பார்கள். அவன் சூப்புத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே லாரிக்குப் போய்விடுவான்.