கடையில் பிரித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து வந்த பாடம்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள், அதுவும் கணிதத்தில் பட்டம் வாங்கியவள் என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு. அம்மா வாசலில் வேப்பிலை செருகினால்கூடப் பிடுங்கிப் போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. நடுராத்திரி, சுடுகாடு எல்லாம் இல்லை. மண்ணூர்பேட்டையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

எங்களுடையது ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், ஒரு ஆபீசை மூடியபோது அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வைபை பெட்டி ஒன்றையும் கேட்டு வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தாள். இன்டர்நெட் இணைப்புக்கு வசதியில்லை. ஆனால் இணைப்பு இல்லாமலே அந்தப் பெட்டி வரிசை முழுக்க வைபை பரப்பும், எனக்கு அது போதும். கல்லூரியில் பென்டிரைவில் வாங்கிவைத்திருந்த குட்டி வெப் சர்வர் மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். ஒரு ஃபோல்டரைக் காட்டி ஒரு பட்டனை அழுத்தினால் அந்த ஃபோல்டர் வலைப்பக்கமாகிவிடும், வரிசையில் இருக்கிறவர்கள் போனில் என் கம்ப்யூட்டரின் எண்ணைத் தட்டி உள்ளே இருப்பதை இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பத்தாவது கணக்குப் பாடங்களை என் குரலிலேயே, நாங்கள் பேசுகிற பேச்சிலேயே பதிவுசெய்து அதில் போட்டேன். எண்ணைக் குழாயடிச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்.

எதிர்வீட்டு மணி அண்ணன் அதைப் போன் நம்பர் என்று நினைத்து அடித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா, நடுவுல நடுவுல புள்ளி வெச்சிகீற, போனே போவ மாட்டேங்குது."

"அது போன் நம்பர் இல்லண்ணா, என் கம்ப்யூட்டர் அட்ரஸ். வைபை போட்டுட்டு பிரௌசர்ல தட்டுங்க."

"வைபை கீது, நெட்டு இல்லன்ற. அடுப்பு கீது, சோறு இல்லன்ற மாதிரி கீது உன் கதை."

உள்ளே கணக்குப் பாடம் இருக்கிறது என்று சொன்னதும் அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

இத்தனையும் முக்கியமாக ரேவதிக்காகத்தான். அவளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். பத்தாவதில் அவளுக்குக் கணக்கு மட்டும் போய்விட்டது, கையோடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள், எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. தனித்தேர்வு மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தாள், வரவில்லை. இந்த முறை அவள் மாமியார் குழாயடியில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள்: "இந்த தபாவும் புட்டுக்கிச்சின்னா புக்கெல்லாம் எடைக்குப் போட்டுருவேன். ஓவர்டைம் பாத்தாலாவது ஊட்டுக்கு ஆவும்." ரேவதி சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் சிரிப்பாள்.

என் பாடங்களை அவள் காதில் மாட்டிக்கொண்டே தைப்பாள். முக்கோணவியல் மட்டும் அவளுக்குச் சுத்தமாக ஏறவில்லை, அதைக் கடைசியாக, நிதானமாகப் பேசித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தேர்வு திங்கட்கிழமை. அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல், தொண்டை வீங்கிக் குரலே போய்விட்டது, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்காட்டலாம் என்றால் அவளுக்குச் சனிக்கிழமை முழுக்க வேலை. அன்றைக்கே மழையில் கரண்ட் எகிறி என் கம்ப்யூட்டர் புகைந்து போனது. அப்பா அதைச் சாக்கில் சுற்றி, அம்பத்தூரில் ஒரு ரிப்பேர் கடையில் கொண்டுபோய்ப் போட்டார்.

ஞாயிறு மத்தியானம் நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ரேவதி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"எந்திரிடி. குரல் போச்சின்னு சொல்லிட்டு எவ்ளோ நேரம் பேசி வெச்சிகீற."

பழைய பாடம் எதையோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"முக்கோணவியல்டி. காலைல போட்ட இல்ல? இறக்கி ரெண்டு வாட்டி கேட்டேன். அந்த உயரம் கண்டுபுடிக்கிற கணக்க நம்ம தண்ணி டேங்க் வெச்சி சொன்ன பாரு, அப்பதான் மண்டைல ஏறுச்சி."

நான் மேசையைக் காட்டினேன். ஒயர்கள் மட்டும் தொங்கின. அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் ஓடவிட்டாள். நம்பினால் நம்புங்கள், என் குரல். என் இழுவை, கணக்கின் நடுவில் நான் போடும் "சரியா?" எல்லாமே. தண்ணீர் டேங்க்கை வைத்துச் சொல்லலாம் என்று மனதுக்குள் யோசித்திருந்தேன்தான், ஆனால் யாரிடமும் சொன்னதில்லை, பேசிப் பதிவுசெய்யவும் இல்லை.

அப்பா உடனே கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, எங்க கம்ப்யூட்டர் இப்ப ஓடுதா?"

"இன்னா நைனா, உள்ள இருந்ததெல்லாம் எடுத்து மேஜ மேல பரப்பி வெச்சிகீறேன், எப்டி ஓடும்?"

போனில் பழைய பக்கம் சேமிப்பாகியிருக்கும் என்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நான் பேசவே பேசாத பாடம் எப்படிப் பழசாக இருக்கும்? யாரோ என் குரலைப் போலச் செய்தார்கள் என்பீர்கள். எங்கள் வரிசையில் யாருக்கு அது தெரியும், எதற்காகச் செய்வார்கள்? அங்கேயே அந்த எண்ணை மறுபடி தட்டிப் பார்த்தோம். பக்கம் திறக்கவில்லை.

நான் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். ரேவதிதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பேயோ பிசாசோ, பாடம் கரெட்டா கீதா, அத மட்டும் சொல்லு."

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடத்தை முழுக்கக் கேட்டேன். ஒரு படிகூடத் தப்பில்லை, உண்மையைச் சொன்னால் நான் சொல்லித்தருவதைவிட நன்றாக இருந்தது. தலையாட்டினேன்.

"அப்ப போதும்" என்று எழுந்து போய்விட்டாள்.

பாஸாகிவிட்டாள். கேசரி கிளறி வரிசை முழுக்கக் கொடுத்தது யார் தெரியுமா, அதே மாமியார். "என் மருமவ பத்தாவது பாசு" என்று மணி அண்ணன் வீட்டில் இரண்டு முறை போய்ச் சொன்னாளாம். இப்போது ரேவதி பன்னிரண்டாவதுக்குப் படிக்கிறாள், நான் பி.எட். சேர்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சரியாகி வந்ததும் ஃபோல்டரைத் தேடினேன், அப்படி ஒரு பாடம் அதில் இல்லை. ரேவதி போனிலிருந்துதான் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன வாரம் சமைத்துக்கொண்டே அதை ஓடவிட்டிருந்தேன். கணக்கு முடிந்த பிறகும் அது நீண்ட நேரம் ஓடும், வெறும் ஃபேன் சத்தம்தான், அதனால் நாங்கள் எப்போதும் அங்கேயே நிறுத்திவிடுவோம். அன்றைக்குக் கையெல்லாம் மாவு, நிறுத்தவில்லை. ஃபேன் சத்தத்துக்குப் பின்னால் பெல் அடித்தது. பெஞ்சுகள் நகர்ந்தன, நிறையப் பிள்ளைகள். "ரேவதி மிஸ் வராங்கடி, உக்காரு" என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

இதை நான் இன்னும் ரேவதியிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. பதிவில் அடுத்து செருப்புச் சத்தம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ரேவதியின் குரல்தான், வயதேறிக் கொஞ்சம் கனத்திருந்தது.

"இன்னும் ஓடுதா அது? நிறுத்தலியா?"

அதற்கு என் குரல் சொன்னது:

"வுடு, ஓடட்டும். நாளிக்கு அவளுக்குப் பரிச்சை."