இலங்கைப் பலாவும் அத்தை வீட்டுப் பலாவும்

அய்யாவின் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். மீதிப் பேர் அவர் செய்த தவிலைக் கேட்டிருப்பீர்கள். மகளாகிய நான் இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அய்யா பிறந்தது கடலாடிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார். உளி பிடித்த நாள் முதல் தவிலுக்குக் கட்டை குடைவதே அவர் தொழில். கட்டை என்றால் அவருக்கு இலங்கைப் பலாதான். தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடிக்கு வரும். மழை கண்ட மரம், முடிச்சு இருக்காது என்பார். உள்ளூர் மரத்தைக் காட்டினால், "அடுப்புக்கு வச்சுக்க" என்பார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அதற்கும் லைசென்ஸ், பெர்மிட் என்று கெடுபிடி வந்தது. ஒரு வருடம் முதுகுளத்தூர்த் தவில்காரர் ஒருவருக்குப் பங்குனித் திருவிழாவுக்குள் புதுத் தவில் தருவதாக அய்யா வாக்குக் கொடுத்துவிட்டார். கட்டை வந்து சேரவில்லை. அய்யாவின் தங்கையான என் அத்தையின் கணவர், மாமா, முந்தின வருடக் காற்றில் சாய்ந்த தங்கள் கிணற்றடிப் பலா மாட்டுக்கொட்டகையில் காய்ந்து கிடக்கிறது என்று அய்யாவை அழைத்துப் போனார். நானும் போயிருந்தேன். அய்யா அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு பிஞ்சுகூட வைக்காத மரந்தான இது? காய்க்காததத் தவிலுக்கு வச்சா வாசிக்கிறவனுக்கு வெளங்காது மாப்பிள."

மோர்ச் செம்போடு வந்த அத்தை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அத்தைக்குக் குழந்தை இல்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அய்யா மனதில் வைத்துச் சொன்னதில்லை. தொழில்காரர்களிடம் அப்படியொரு நம்பிக்கை இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அதன்பின் அத்தை எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

மாசியில் இலங்கைக் கட்டைகள் இரண்டு வந்தன. காகிதம் சரியாகும் வரை துறையில் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் மாறிமாறிக் கிடந்தவை. நாள் நெருங்கிவிட்டதால் அய்யா ஆறப்போடாமல் குடைந்தார். ஒரே வாரத்தில் இரண்டும் வெடித்தன.

அய்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா தாயி" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அத்தை வீட்டு வாசலில் நின்று, "நான் பேசுனது தப்பு தங்கச்சி" என்றார். அதற்கு முன் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

அத்தை ஏறிட்டுப் பார்த்தார். "மரத்துக்காக வந்தீகளா, எனக்காக வந்தீகளா?"

"மரத்துக்காகத்தான் கெளம்புனேன். வார வழியில ஒனக்காக ஆகிப்போச்சு."

அத்தை அழுதுவிட்டார். அழுதபடியே மாமாவிடம் வண்டி கட்டச் சொன்னார்.

வறண்ட மண்ணில் மெல்ல வளர்ந்த மரம் உளிக்கு லேசில் மசியவில்லை. எப்படியோ சொன்ன நாளில் தவில் போய்ச் சேர்ந்தது. நல்ல நாதம். அது இலங்கைப் பலாவைவிட உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன், அய்யாவும் சொன்னதில்லை. பெர்மிட் கிடைத்தபோது அங்கிருந்தும் வாங்கினார். ஆனால் எந்த ஊர் மரத்தையும் தட்டிப் பார்க்காமல் ஒதுக்கும் வழக்கம் அன்றோடு போயிற்று.

வாதத்தில் அய்யா படுத்த ஆறு மாதமும் வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள்கொடுத்த ஊராருக்கும், கஞ்சி ஊட்டி உடம்பு துடைத்துக் கூடவே இருந்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பழைய கதையை எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"எழுது தாயி. கடைசி ஆறு மாசம் எனக்கு ஒரு பிள்ளை இருந்துச்சு, அதையும் சேத்து எழுது" என்றார்.