குடலிறக்கம் என்று சொன்னேன்

செல்லூரில் எந்தத் தறிக்கூடத்துக்குப் போனாலும் என்னைக் கண்டதும் ஆண்கள் சிரிப்பை அடக்குகிறார்கள். "வந்துட்டாருப்பா செக்கிங் ஆபீசர்" என்பான் ஒருவன். நான் சொல்வது இவ்வளவுதான்: குளிக்கும்போது விதையைத் தடவிப் பாருங்கள், கட்டி தட்டுப்பட்டால், வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். தறி ஓடும்போது கத்தினால்தான் காதில் விழும். இதைக் கத்திச் சொல்ல முடியுமா? டீ வரும் நேரத்தில் தறியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அலுத்துப்போகிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு அது வந்தது. இடது விதையில் கல் மாதிரி ஒரு கட்டி, வலியே இல்லை. கேன்சர் என்றார்கள். சீக்கிரமே போனதால் ஆபரேஷனோடு தப்பித்தேன். இன்றும் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம், ஸ்கேன் என்று வரிசையில் உட்காருகிறேன். அடிவயிற்றின் ஓரத்தில் கீறித்தான் அந்த விதையை எடுத்தார்கள். குடலிறக்கத்துக்கும் அங்கேதான் கீறுவார்களாம்.

அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. "யாரு கேட்டாலும் குடலெறக்கம்னு சொல்லுங்க. பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கோம், நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவுக என்னத்தையாவது பேசுவாக" என்றாள் மனைவி. பழியை அவள் மேல் போட மாட்டேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னேன்.

கூடத்தில் எனக்குப் பக்கத்துத் தறி ஓட்டுகிறவனும் வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். அண்ணே அண்ணே என்று என்னையே சுற்றுவான். எப்படித் தெரிந்தது என்று கேட்டான். "கீழ வீக்கமா இருந்துச்சு, வலியில்ல. குடலெறக்கந்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன் பெரிய மனுஷன் போல. அறிகுறி எல்லாம் உண்மை, பேர் மட்டும் பொய்.

போன வருடம் அவனுக்கும் வீங்கியது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்பானேன், அண்ணன்தான் சொல்லிவிட்டாரே! ஆரப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் குடலிறக்க பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் தறி ஓட்டியிருக்கிறான். முதுகுவலி தாங்காமல் சுருண்டு விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அதற்குள் வயிற்றில் பரவிவிட்டது. இம்புட்டு நாளா என்னய்யா செஞ்ச என்று டாக்டர் சத்தம் போட்டார். அவன் என்னைக் கைகாட்டி, "அண்ணனுக்கு வந்த அதே குடலெறக்கந்தான் சார்" என்றான்.

அங்கேயே, அவன் மனைவியை வைத்துக்கொண்டே, உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போனாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அவனுக்கு மூன்றாவது கீமோ. பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பரவியிருந்தாலும் இந்த நோய் பெரும்பாலும் மருந்துக்குக் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது அதைத்தான் நானும் சொன்னேன். "சரியாப் போயிரும்டா."

"இதாவது நெசமாண்ணே?"

"நெசந்தான்டா."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, அந்தப் பக்கமாக வந்த நர்சைக் கூப்பிட்டு, அவரிடமும் அதையே கேட்டான்.